வண்ண ஜன்னலுக்கு ஏன் ஒரு குடும்பம் தேவைப்படுகிறது?

கொங்கு நாட்டின் பழைய தேவாலயங்கள் பலவற்றைப் பார்க்க ரயில் பாதையை ஒட்டிப் போனாலே போதும். சென்னையிலிருந்து சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை 1862-இல் தண்டவாளம் போய்ச் சேர்ந்தது. அதன் பின்னாலேயே ரயில்வே அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் மிஷனரிகளும் வந்து குடியேற, அவரவர் சபைக்கு ஆலயங்கள் எழுந்தன. கோவை பெரியகடை வீதியில் பிரெஞ்சு குருமார் எழுப்பிய புனித மிக்கேல் பேராலயம் 1860-களைச் சேர்ந்தது. கோவை ரேஸ்கோர்ஸ் பக்கத்து ஆல் சோல்ஸ் ஆலயமும், ராபர்ட் சிசோம் வடிவமைத்த சேலம் கிறிஸ்து நாதர் ஆலயமும் 1870-களில் கட்டப்பட்டவை. ஈரோடு பன்னீர்செல்வம் பூங்கா அருகே நிற்கும் பிரப் நினைவாலயம் வயதில் இளையது, 1930-களில் வந்தது.

இந்த வயதுக் கட்டடம் எதிலும், பழைய பங்களாக்களின் வாசல் நிலைக்கு மேலேயுள்ள அரைவட்டத்திலும்கூட, ஈயம் பிடித்த வண்ணக் கண்ணாடி இருந்தால் அதற்கு இப்போது கெடு நெருங்கிவிட்டது. பராமரிப்பு போதவில்லை என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. ஈயத்துக்கென்று ஓர் ஆயுள் இருக்கிறது. நூறு ஆண்டு, கொஞ்சம் கூடலாம், கொஞ்சம் குறையலாம். கண்ணாடி நன்றாகவே இருக்கும், அதைப் பிடித்து நிற்கும் ஈயம் தளர்ந்துவிடும். அப்போது ஜன்னலை முழுதாகக் கழற்றி, துண்டு துண்டாகப் பிரித்து, புது ஈயம் போட்டுத் திரும்பக் கோக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் வேலையை யார் கற்று வைத்திருப்பார்கள்? ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்கு விடையாக வந்தவைதான், தலைமுறை தலைமுறையாக இதே வேலையைச் செய்யும் கண்ணாடிக் குடும்பங்கள்.

முதலில் ஜன்னல் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். இதில் நிறம் பெரும்பாலும் கண்ணாடிக்கு மேலே பூசப்பட்டது அல்ல. உலையில் கண்ணாடி உருகும்போதே சேர்ந்துவிடுகிறது. கோபால்ட் நீலம் தரும், மாங்கனீசு கத்தரிப்பூ நிறம் தரும், தங்கம் ரோஜா நிறம் தரும். செம்பு, உலையின் நிலையைப் பொறுத்துப் பச்சையாகவும் சிவப்பாகவும் வரும். அந்தச் செம்புச் சிவப்பு மிகவும் அடர்த்தியானது. முழுக் கண்ணாடியும் அதுவாக இருந்தால் வெளிச்சமே உள்ளே வராது. அதனால் வெள்ளைக் கண்ணாடியின் மேல் சிவப்பை மெல்லிய தோலாக மட்டும் ஏற்றி ஊதுவார்கள். முகம், விரல், உடையின் மடிப்பு போன்ற கோடுகளை இரும்பு அல்லது செம்பு ஆக்சைடையும் பொடித்த கண்ணாடியையும் குழைத்து வரைந்து, 600 டிகிரியைத் தாண்டிய சூளையில் சுட்டுக் கண்ணாடியோடு ஒட்ட வைப்பார்கள்.

மஞ்சளுக்கு மட்டும் தனி வழி உண்டு. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கண்ணாடிக்காரர்களிடையே பரவிய முறை அது. வெள்ளி உப்பைக் களிமண்ணோடு கலந்து கண்ணாடியின் பின்பக்கம் தடவிச் சுட்டால், வெள்ளி கண்ணாடிக்குள்ளேயே இறங்கிவிடும். ஆறிய பிறகு களிமண்ணைத் துடைத்தால் கீழே எலுமிச்சை மஞ்சளிலிருந்து தேன் நிறம் வரை ஏதோ ஒன்று தெரியும். புனிதர்களின் தலைக்குப் பின்னால் இருக்கும் ஒளிவட்டத்தில் பெரும்பாலும் வெள்ளிதான் இருக்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்பவர்கள் இதைக் கேட்டால் ரசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வெட்டிய துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டையின் குறுக்குவெட்டு ஆங்கில எச் எழுத்தைப் போன்றது. இரு பக்கக் குழியிலும் இரு துண்டுகள் உட்காரும். பட்டைகள் சந்திக்கும் இடமெல்லாம் பற்றவைப்பு. பிறகு சாக்கட்டிப் பொடியும் ஆளி விதை எண்ணெயும் கலந்த சாந்தைக் குழிகளில் தேய்த்து ஏற்றி, மரத்தூள் தூவி உபரியைத் துடைப்பார்கள். கடைசியில் ஜன்னலின் குறுக்கே இரும்புக் கம்பிகள் வைத்து, செம்புக் கம்பியால் கட்டுவார்கள். மழையைத் தடுப்பது சாந்து. காற்றைத் தாங்குவது அந்த இரும்புக் கம்பி. இந்த இரண்டும் சிதைந்த பிறகுதான் ஈயத்தின் மேல் முழுப் பாரமும் விழுகிறது.

இங்கே கொங்கு நாட்டின் வெயிலும் காற்றும் கணக்கில் வருகின்றன. ஒரே சூட்டுக்கு ஈயம் கண்ணாடியைவிட மூன்று மடங்கு நீளும். மேற்கு வெயில் அடிக்கும் 60 சென்டிமீட்டர் அகல ஜன்னலில் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் இருந்தால், ஈயம் அரை மில்லிமீட்டர் நீளும். கண்ணாடி அதில் மூன்றில் ஒரு பங்குதான் நீளும். அது சிறிய அளவுதான். ஆனால் கரூர், ஈரோட்டு வெயிலில் ஆண்டு முழுவதும், தலைமுறை தலைமுறையாக இது நடக்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஈயத்துக்கும் ஆகிறது. பற்றவைத்த இடத்தை ஒட்டி மயிரிழை விரிசல் விழும்.

அதோடு பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் அந்த வாசல் வழியாகத் தென்மேற்குப் பருவத்தில் புகும் காற்று, கோவை, பல்லடம், உடுமலை வரை நிற்காமல் வீசும். அதை நம்பித்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால், செம்புக் கட்டு அறுந்த ஜன்னல் என்ன பாடுபடும்? தட்டையாக இருக்க வேண்டிய கண்ணாடி வயிறு போட்டுவிடும்.

உங்கள் ஊர் ஆலயத்தில் இதை நீங்களே பார்க்கலாம். ஜன்னலை நேருக்கு நேர் பார்க்காமல், சுவரோடு ஒட்டி நின்று பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ புடைப்பு தெரிந்தால், ஈயம் தளர்ந்துவிட்டது என்று பொருள். ஜன்னல் திண்ணையில் வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடந்தால் அது பழைய சாந்து. அதைக் கையால் கூட்டாதீர்கள், ஈயத் தூளும் கலந்திருக்கும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

இனி அந்தக் கண்ணாடிக் குடும்பங்களுக்கு வருவோம். பிரான்சில் ரெய்ம்ஸ் நகரத்துச் சிமோன் குடும்பம் 1640 முதல் கண்ணாடித் தொழிலில் இருந்தது. பிரெஞ்சு மன்னர்கள் முடிசூட்டிக்கொண்ட பேராலயம் அந்த ஊரில்தான் இருக்கிறது. 1914 செப்டம்பரில் ஜெர்மானிய பீரங்கிக் குண்டுகள் அந்தப் பேராலயத்தின் கூரையைத் தீக்கிரையாக்கின. 13-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிகள் பலவும் நொறுங்கின. போருக்குப் பிறகு அவற்றைத் திரும்ப நிறுத்தும் பணி ஜாக் சிமோன் கையில் வந்தது. போனது போக மிஞ்சிய துண்டுகள் குவியலாகக் கிடந்தன. எது எந்த ஜன்னலைச் சேர்ந்தது என்று அவரால் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவர் குடும்பத்தின் முந்தைய தலைமுறை அதே ஜன்னல்களைப் பழுது பார்த்தபோது எடுத்து வைத்திருந்த வரைபடப் பிரதிகள். எரிந்த ஜன்னலின் வரைபடம் பட்டறை அலமாரியில் இருந்தது.

குடும்பம் என்று நான் சொல்வது இந்த அலமாரியைத்தான். கண்ணாடி வெட்டவும் ஈயம் வளைக்கவும் பற்றவைக்கவும் ஆர்வமுள்ள ஓர் இளைஞர் சில ஆண்டுகளில் பழகிவிடுவார். அது ரத்தத்தில் வரும் வித்தை ஒன்றுமில்லை. ஆனால் தாத்தா இறக்கிய ஜன்னலில் எந்த முகம் அசல், எது அவரே பின்னால் வரைந்து சேர்த்தது, எந்த உலையின் நீலம் பொருந்தியது, எந்தச் சுவரில் மழை இறங்குகிறது என்பதெல்லாம் எழுதப்பட்டு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அந்தக் காகிதத்தைக் குப்பையில் போடக் கூடாது என்று தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தலைமுறையிலும் இருக்க வேண்டும். வெட்டி மிஞ்சிய பழைய கண்ணாடித் துண்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1870-இன் ஒரு பச்சையை இன்று கடையில் வாங்க முடியாது. வாயால் ஊதித் தகடாக்கும் கண்ணாடி ஆலைகள் ஐரோப்பாவிலேயே விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் எஞ்சியிருக்கின்றன. கையால் கண்ணாடி செய்யும் அறிவை 2023-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இன்னொரு விஷயம், பணம். ஒரு பேராலயத்தில் இருக்கும் கண்ணாடிப் பலகங்களை ஒரு மூலையிலிருந்து பழுது பார்த்துக்கொண்டே போனால், மறுமூலைக்கு வருவதற்குள் முதல் மூலை திரும்பவும் பழுதாகியிருக்கும். ஒரு பட்டறை தலைமுறை தலைமுறையாகப் பசியில்லாமல் வாழ அது போதும். குடும்பம் பேராலயத்தைக் காத்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். பேராலயம் குடும்பத்தைக் காத்தது என்பதும் அதே அளவு உண்மை.

ஆனால் பழுது பார்ப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. ஜாக் சிமோனின் மகள் பிரிஜித்தும் மருமகன் சார்ல் மார்க்கும் பட்டறையை ஏற்ற பிறகு ஓவியர் மார்க் ஷகாலோடு சேர்ந்தார்கள். ஜெருசலேமில் ஹதாசா மருத்துவமனை ஜெப ஆலயத்தின் 12 ஜன்னல்கள் 1962-இல் வந்தன. ஒரே கண்ணாடியில் பல நிறம் வரும்படி, மேலே ஏற்றிய வண்ணத் தோலை அமிலத்தால் வேண்டிய அளவு கரைக்கும் வழியை மருமகன் சார்ல் மார்க் செப்பனிட்டார். நிறத்துக்கு நிறம் ஈயக் கோடு போட வேண்டிய கட்டாயம் குறைந்தது. பழைய செம்புச் சிவப்பின் மெல்லிய தோல் ஞாபகம் இருக்கிறதா? அதே அறிவின் நீட்சிதான் இது. 1974-இல் ஷகாலின் ஜன்னல்கள் ரெய்ம்ஸ் பேராலயத்துக்குள்ளேயே வந்தன. பழையதைப் பிரித்துப் பார்த்த கைக்குத்தான் புதியதில் எவ்வளவு தூரம் துணியலாம் என்று தெரியும்.

மூனிச் நகரின் மாயர் குடும்பம் வேறு மாதிரி. ஜோசப் கேப்ரியல் மாயர் 1847-இல் தொடங்கிய கூடம் இன்றும் அதே குடும்பத்திடம் இருக்கிறது; கடல் கடந்து ஜன்னல்களை அனுப்பிய பெரிய வணிகம் அது. மருமகன் ஃபிரான்ஸ் சேவர் செட்லர் பிரிந்து போய்ப் போட்டிக் கூடம் நடத்த, அவரவர் காலமெல்லாம் முடிந்த பிறகு 1939-இல் இரண்டும் ஒன்றாயின. மாப்பிள்ளை தனியாக மில் தொடங்குவதும் பேரன்கள் காலத்தில் சம்பந்திகள் சமாதானம் ஆவதும் கொங்கு நாட்டுக்காரர்களுக்குப் புதிய கதையா என்ன?

சரி, நம் ஊருக்கு வருவோம். பழைய ஜன்னலுக்கு இங்கே நேரக்கூடிய முதல் ஆபத்து நல்லெண்ணம். திருவிழாவுக்கு முன்னால் சபையார் கம்பித் தூரிகையும் அமிலமும் எடுத்துத் துலக்கினால், அழுக்கோடு முகமும் போய்விடும். 1850-களிலிருந்து 1870-கள் வரை இங்கிலாந்துப் பட்டறைகள் சில, குறைந்த சூட்டிலேயே வண்ணம் ஒட்ட வேண்டும் என்று வெங்காரம் கலந்தன. ஈரம் பட்டால் கரையும் பொருள் அது. கண், மூக்கு இல்லாமல் வெறும் வெள்ளை வட்டமாக நிற்கும் புனிதர்களை இங்கிலாந்து ஆலயங்களில் நிறையப் பார்க்கலாம். நம்முடைய பழைய ஆலயங்கள் எழுந்த அதே காலம் அது என்பதால், இங்கேயும் கோடுகள் பொடியாக நிற்கின்றனவா என்று பார்க்காமல் துணியைக்கூட வைக்கக் கூடாது. பார்த்த பிறகும் தாதுப்பு நீக்கிய தண்ணீரும் பஞ்சும்தான். அதுவும் உறுதியாக இருக்கும் இடத்தில் மட்டும்.

இரண்டாவது ஆபத்து பாலிகார்பனேட் தகடு. கிரிக்கெட் பந்துக்கும் குரங்குக்கும் பயந்து வெளியே இறுக்கமாக அடித்துவிடுகிறார்கள். நடுவில் சிக்கிய காற்று வெயிலில் வேகும், விடியலில் வியர்க்கும். தகடே சில ஆண்டுகளில் மங்கலாகிவிடும். காப்புக் கண்ணாடி போடுவது தவறில்லை. மேலும் கீழும் காற்று போக இடைவெளி விட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, அலுமினியச் சட்டமும் ஸ்டிக்கரும். நம் கடைகளில் வண்ணக் கண்ணாடி என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது, சாதாரணக் கண்ணாடியின் மேல் ஒட்டிய வண்ணப் படலமும் அதன் ஓரத்தில் பசை ஈய நாடாவும்தான். புதிய வீட்டுப் பூஜையறைக் கதவுக்கு அது போதும், எனக்கு அதில் சண்டையில்லை. ஆனால் நூற்றைம்பது வருட ஜன்னலைக் கழற்றிக் காயலான் கடைக்கு எடை போட்டுவிட்டு அதை மாட்டுவது தீராத நஷ்டம். ஒரு ஜன்னலுக்கு ஆகும் செலவைப் பார்த்து மலைத்துத்தான் அப்படிச் செய்கிறார்கள் என்பதும் தெரியும்.

அப்படியானால் இங்கே கைகள் இல்லையா? இந்த இடத்தில் கொடுமணலை இழுக்காமல் கொங்கு நாட்டுக் கட்டுரை முடியாது போலிருக்கிறது. நொய்யல் கரையிலுள்ள அந்தப் பழைய ஊரின் அகழாய்வில் கண்ணாடி மணியும் கல்மணியும் கிடைத்தது உண்மை. மணி வேறு, ஜன்னல் தகடு வேறு. இரண்டாயிரம் ஆண்டுப் பெருமையால் இன்று ஒரு பலகத்தைக்கூடப் பற்றவைக்க முடியாது. என் பார்வையில் பக்கத்தில் இருக்கும் கை, சேலத்து வெள்ளிப் பட்டறையின் கை. நுண்ணிய வளையங்களைப் பொடி வைத்து ஊதி ஒட்டும் பழக்கம் அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. ஆனால் அவர்களும் ஒன்றை மறக்கப் பழக வேண்டும்: ஊதுகுழல். ஈயம் 327 டிகிரியில் உருகும். அதை ஒட்டும் வெள்ளீயக் கலவை 190-ஐ ஒட்டி உருகும். நடுவில் கிடைப்பது இவ்வளவு குறுகலான இடம். தீயை நீட்டினால் பட்டையே ஒழுகிவிடும். சூட்டுக்கோலை வைத்து, பற்று பளபளவென்று பரவிய கணத்தில் எடுத்துவிட வேண்டும்.

ஒரே ஒரு ஆலயத்தின் வேலையை நம்பி இங்கே எந்தப் பட்டறையும் பிழைக்காது. ஜன்னல்கள் குறைவு, ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கின்றன. கத்தோலிக்க மறைமாவட்டங்களும் தென்னிந்தியத் திருச்சபையும் பங்களாக்காரர்களும் சேர்ந்து, ஆண்டுக்கு இத்தனை பலகம் என்று வரிசை வைத்துக் கொடுத்தால் ஒரு குடும்பம் அதில் நிற்கலாம். புது ஜன்னல் ஆர்டர்களும் வேண்டும். பழுதை மட்டும் வைத்துச் சிமோன் குடும்பமும் வாழவில்லை.

பட்டறை வருவதற்கு முன்பே தொடங்கக்கூடிய வேலை அந்த அலமாரி. ஒவ்வொரு ஜன்னலையும் காலை வெளிச்சத்தில் வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் அளவுகோல் வைத்துப் படமெடுக்க வேண்டும். மெல்லிய தாளை வைத்து மெழுகுக் கரியால் தேய்த்தால் ஈயக் கோடுகள் அப்படியே பதியும்; இந்தத் தேய்ப்புப் படியில் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, விரிசல் எங்கே, பின்னால் மாற்றிய துண்டு எது என்று குறித்துவிடலாம். ஆனால் புடைத்த ஜன்னலில் தேய்க்கக் கூடாது, அழுத்தமே அதை உடைத்துவிடும். அதற்குப் படம் மட்டும் போதும். எடுத்ததில் ஒரு பிரதி ஆலயத்திலும் மற்றொன்று மறைமாவட்ட அலுவலகத்திலும் இருக்கட்டும். ஒப்பந்தம் போடும்போது, பழைய கண்ணாடி எதுவும் வெளியே போகக் கூடாது, உடைந்த துண்டும் பெட்டியில் திரும்ப வர வேண்டும் என்று எழுதுவது நல்லது. உடைந்ததை இப்போது ஓரம் ஒட்டும் பிசினாலோ மெல்லிய செம்புத் தகடாலோ சேர்த்துவிடலாம். குறுக்கே தடித்த ஈயம் போட்டு முகத்தை இரண்டாக்கும் காலம் போய்விட்டது.

கொங்கு நாட்டில் குடும்பத் தொழில் என்றால் வீட்டுத் தொழில் என்றே பழகிவிட்டோம். திண்ணையில் கொலுசு, கூடத்தில் தறி, பக்கத்திலேயே குழந்தை. இந்தத் தொழிலில் அது நடக்கவே கூடாது. பழைய ஈயத்தின் வெண்பூப்பு கைவழியாகச் சோற்றுக்கும், உடைவழியாகத் தொட்டிலுக்கும் போகும். வளரும் மூளைக்கு ஈயத்தால் வரும் கேடு திரும்பாது. தனிக் கட்டடம், தனி உடை, ஈரத்தால் துடைத்த மேசை, சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவிய கை, வேலை செய்பவருக்கு ஆண்டுதோறும் ரத்தத்தில் ஈய அளவுச் சோதனை ஆகியவற்றின் செலவையும் ஜன்னல் கணக்கிலேயே எழுத வேண்டும். விலைப்புள்ளி கேட்கும் பங்குப் பேரவை அந்த வரியை அடித்துவிடாமல் இருந்தால், பட்டறை தொடங்க முன்வருபவர் தன் பிள்ளையையும் இதில் சேர்ப்பதா என்று யோசிக்கவாவது முடியும்.